மூன்றாம் படியில் ருத்தேனியம்

ஒளியைக் கொண்டு அணுக்கருவை உடைப்பது என் தொழில். வெளியே சொன்னால், வீட்டில் ட்யூப்லைட் மினுங்குகிறது, ஒரு நடை வந்து பார்க்கிறாயா என்று கேட்பவர்கள்தான் அதிகம்.

நீங்கள் பாங்கில் இருக்கலாம், பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தலாம். மெஷினும் மனிதர்களும் கூட்டுச் சேர்ந்து உங்கள் காலை வாரிய நாள் ஒன்று உங்களுக்கும் இருந்திருக்கும். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன். எக்ஸ்ரேயைவிடப் பல மடங்கு வீரியமான ஒளித்துகள் ஓர் அணுக்கருவில் போய் விழுந்தால், உள்ளே இருக்கும் நியூட்ரான்களில் ஒன்று தெறித்து வெளியே வரும். அது எத்தனை முறை தெறிக்கிறது என்று சோதனை செய்து எண்ணுவது என் வேலை. எத்தனை முறை தெறிக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்வது என் சிநேகிதி சுதேஷ்ணாவின் வேலை. கொல்கத்தாவில் ஒரே ஆராய்ச்சி நிலையத்தில், ஒரே மாடியில், எதிரெதிர் அறைகளில் இருபது வருடமாக இதைச் செய்துகொண்டு சௌக்கியமாக இருக்கிறோம்.

சென்ற வருடம் ருத்தேனியம் என்ற உலோகத்தை எடுத்துக்கொண்டோம். அதில் ஒரு வகை அணு விண்மீன்களில் எப்படி உண்டானது, எப்படி உடையாமல் தப்பித்தது என்பது இன்னும் சரியாகப் பிடிபடவில்லை. ஒளி அதை எவ்வளவு எளிதில் உடைக்கும் என்ற எண் தெரிந்தால் கொஞ்சம் பிடிபடும். நான் அளந்த எண்ணும் அவள் போட்ட எண்ணும் அருகருகே நிற்கிற ஒரு கட்டுரை எழுதுவது என்று பேச்சு. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால், யார் தப்பு என்று தெரியும்வரை கட்டுரை வெளியே போகாது என்றும் பேச்சு. இனி வருவதெல்லாம் அந்த ஒரு எண்ணுக்காகப் பட்ட பாடு.

சீனியர் சிட்டிசன்

எங்களுக்கு வேண்டிய வீரியத்தில் ஒளி தரும் மெஷின் எங்கள் நிலையத்தில் இல்லை. ஊரில் ஓர் ஆஸ்பத்திரியில், புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சை தரும் மெஷின் இருக்கிறது. ஞாயிறு காலையில் நோயாளிகள் வரமாட்டார்கள். அந்த மூன்று மணி நேரத்தை எங்களுக்குத் தந்தார்கள். ஜனவரியோடு அந்த மெஷினைக் கழற்றிவிட்டு வேறு போடப் போகிறார்கள் என்பதால், அதற்குள் முடித்துக்கொள்ள வேண்டும் என்பது நிபந்தனை. நோயாளி படுக்கும் மேஜையில் சட்டைப் பொத்தான் அளவு ருத்தேனிய வில்லை ஒன்றைப் படுக்கவைத்து, கதவைச் சாத்திவிட்டு வெளியே காத்திருப்போம். உறவுக்காரர்கள் உட்காரும் பெஞ்சில்தான் காத்திருப்போம். அந்த பெஞ்சுக்கு ஒரு ராசி உண்டு போலிருக்கிறது, உட்கார்ந்தவுடன் கவலை வந்துவிடும்.

மெஷினை இயக்குபவர் மாலதிதி. (இங்கே அக்காவானால் பெயரோடு 'தி', அண்ணனானால் 'தா' ஒட்டிக்கொள்ளும்; பெயரில்லாமல் அழைத்தால் அக்கா 'திதி'. தமிழர்களைத் தவிர எல்லோரும் பேசியது வங்காளத்தில். நான் நம் பேச்சில் தருகிறேன்.) ரிஜிஸ்தரில் ஒரு வரிகூடக் காலியாக விடமாட்டார். முதல் ஞாயிறன்று பேனாவைத் திறந்து, "பேஷண்ட் பேர்?" என்றார். ருத்தேனியம் என்றேன். எழுதினார். "வயசு?" என்றார். விளையாட்டுக்கு என்று நினைத்து, சூரியன் பிறப்பதற்கு முன்னாலேயே பிறந்தது என்று உள்ளதைச் சொன்னேன். மாலதிதி சிரிக்கவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சொன்னார்: "அப்போ சீனியர் சிட்டிசன்னு போட்டுடறேன். கூட வந்தவங்க இங்க கையெழுத்துப் போடுங்க."

ஹாரன் எதற்கு

உடைந்த ருத்தேனியம் வேறொரு வகை ருத்தேனியமாக மாறி, மெல்ல மெல்லச் சிதைந்துகொண்டே இருக்கும். ஒரு மணி நாற்பது நிமிடத்தில் அதில் பாதி காணாமல் போய்விடும். காணாமல் போவதற்குள் அதை எங்கள் நிலையத்துக்குக் கொண்டுவந்து டிடெக்டரின் முன்னால் வைக்க வேண்டும். பாதுகாப்பு அதிகாரியின் கடிதம், ஈயச் சிமிழ், நிலையத்தின் கார், கார் ஓட்டும் பாப்பிதா, நான். இதுதான் ஊர்வலம்.

ஒரு ஞாயிறு, ராஷ்பிஹாரி முக்கில் நிஜமான ஊர்வலம் ஒன்று எங்களை மறித்தது. எந்தக் கட்சி என்று நினைவில்லை, கொடி நிறைய இருந்தது. நான் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்து, ஹாரன் அடியுங்கள், ஹாரன் அடியுங்கள் என்று பாப்பிதாவின் பிராணனை வாங்கினேன். அவர் நிதானமானவர். என்ன அவசரம் என்று கேட்டார். பாதிக் கணக்கைச் சொன்னேன். "மீதிப் பாதி?" என்றார். அடுத்த ஒரு மணி நாற்பதில் அதில் பாதி போகும் என்றேன். "அப்புறம்?" அதிலும் பாதி. பாப்பிதா ஸ்டியரிங்கின் மேல் விரலால் பாதி, பாதி என்று கோடு போட்டுப் பார்த்தார். கணக்கை முடித்துவிட்டுத் திரும்பினார். "அப்படின்னா அது முழுசா தீரவே தீராது. பின்ன எதுக்கு திதி ஹாரன்?"

நம்மாத்துப் பொண்ணு

மெஷினிலிருந்து எவ்வளவு ஒளி வந்தது என்பதை நேராக அளக்க முடியாது. அதற்குச் சாட்சியாக ருத்தேனியத்தோடு ஒட்டி ஒரு மெல்லிய தங்கத் தகட்டையும் வைப்போம். ஒளி தங்கத்தை எவ்வளவு உடைக்கும் என்பது உலகத்துக்கே தெரிந்த எண். தங்கத்தில் உடைந்ததை எண்ணிவிட்டால், வந்த ஒளியின் அளவு தெரிந்துவிடும். உடைந்த தங்க அணு சில நாளில் பெரும்பாலும் பிளாட்டினமாக மாறிவிடும். இந்தக் கடைசி வரியை நான் ஒரு பலவீனமான தருணத்தில் அண்ணாவிடம் சொல்லிவிட்டேன். அதுதான் தப்பு.

அண்ணாவுக்கு லேக் மார்க்கெட்டில் மளிகைக் கடை. அப்பளம், காபிப் பொடி, நல்லெண்ணெய், புளி. சாமான் வாங்க வருகிறவர்களுக்கெல்லாம் பொட்டலத்தோடு இந்தச் செய்தியும் கட்டிக் கொடுத்தான். "எங்க வசந்தா தங்கத்தையே பிளாட்டினமா மாத்தறா, தெரியுமோ?" அடுத்த சனிக்கிழமை நான் கடையில் நின்றபோது, பாலிகஞ்சிலிருந்து வாராவாரம் வரும் மாமி ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். எவ்வளவு பிளாட்டினம் வரும் என்று கேட்டார். கண்ணுக்குத் தெரியாது மாமி என்றேன். தராசில் வைத்தால்? தராசுக்கும் தெரியாது என்றேன். மாமி காபிப் பொடியைப் பைக்குள் போட்டுக்கொண்டு, அண்ணாவைப் பார்த்து, கடையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னார்: "தங்கத்தைக் குடுத்துட்டுக் கண்ணுக்கே தெரியாததை வாங்கிண்டு வரது இந்தக் கல்கத்தாலயே நம்மாத்துப் பொண்ணு ஒருத்திதான்!"

அஷ்டமியன்று டிடெக்டருக்குப் படையல்

எண்ணுகிற வேலையைச் செய்வது ஒரு ஜெர்மானியம் டிடெக்டர். பேருக்கு டிடெக்டர், குணத்தில் வீட்டோடு வந்து தங்கிவிட்ட விருந்தாளி. எப்போதும் ஜில்லென்று இருக்க வேண்டும். வாரம் இரண்டு முறை திரவ நைட்ரஜன் ஊற்ற வேண்டும். ஒருமுறை தவறினால் கோபித்துக்கொண்டு வாரக்கணக்கில் வேலை செய்யாது. அதைச் சுற்றிக் கனமான ஈயச் சுவர். அதன் முன்னால் கொலுப்படி மாதிரி ஒரு அக்ரிலிக் ஸ்டாண்ட். பத்துப் படி, ஒவ்வொன்றும் ஒரு சென்டிமீட்டர் தள்ளி. முதல் படி டிடெக்டரின் மூக்குக்கு அருகில், பத்தாம் படி எட்டத்தில். எண்ண வேண்டிய பொருளை ஏந்தி நிற்க, படிகளில் செருகும் இரண்டு அக்ரிலிக் தகடுகள்; ஒருமுறை செருகினால் அங்கேயே விட்டுவிடுவோம். தங்கம் நிறைய உடையும், அதனால் அதன் தகடு பத்தாம் படியில். ருத்தேனியம் கொஞ்சம்தான் உடையும், அதை நெருக்கி வைத்தால்தான் எண்ண முடியும். அதன் தகடு மூன்றாம் படியில். பக்கத்துச் சுவரில் நானே வங்காளத்தில் எழுதி ஒட்டிய காகிதம்: 'எண்ணுவதற்கு முன் தினமும் தூரத்தை அளக்கவும்.' கீழே என் கையெழுத்து.

துர்கா பூஜை விடுமுறையிலும் நைட்ரஜனுக்கு விடுமுறை இல்லை. அஷ்டமியன்று காலை, அண்ணி எடுத்துக் கொடுத்த புதுப் பட்டுப்புடவையோடு நிலையத்துக்குப் போனேன். நெருப்பிலும் பனியிலும் வேலை செய்யும்போது போடுகிற பெரிய கையுறையை அந்தப் புடவைக்கு மேல் மாட்டிக்கொண்டு, புகை பறக்க ஊற்றிவிட்டு வந்தேன். ஊரில் ஓர் ஈ காக்கை இல்லாத ஒரே இடம் அன்று எங்கள் நிலையம்தான். கேட்டில் இருந்த காவலாளி என் புடவையையும் கையுறையையும் மாறி மாறிப் பார்த்தார். "திதி, ஊர்ல எல்லாரும் அம்மனுக்குப் படைக்கறாங்க. நீங்க மட்டும்தான் டப்பாவுக்கு."

சாம்பார் ஆறுகிறது

நவம்பரில் முதல் கணக்கு முடிந்தது. என் எண், சுதேஷ்ணாவின் எண்ணைப் போல ஒன்றரை மடங்கு. பத்து சதவீதம் தள்ளி வந்தால் இரண்டு பேரும் ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுத்துச் சிரித்துக்கொள்வோம். ஒன்றரை மடங்கு என்பது விட்டுக்கொடுக்கிற தூரம் இல்லை. அவள் கணக்கு இந்த ஒரு ருத்தேனியத்துக்கு மட்டும் போட்டதும் இல்லை. அதே முறையில் இன்னும் எத்தனையோ அணுக்களுக்கு அட்டவணை போட்டு வைத்திருக்கிறாள். எட்டு வருட உழைப்பு. என் எண் நிஜமானால் அந்த அட்டவணை முழுவதும் சந்தேகத்துக்கு வந்துவிடும். இது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

லேக் மார்க்கெட்டில் எங்களுக்கு வழக்கமான ஓட்டல் ஒன்று உண்டு. அவளுக்கு தோசை பிடிக்கும், எனக்கு அவள் தோசை சாப்பிடுவதைப் பார்க்கப் பிடிக்கும். நுனியிலிருந்து ஆரம்பிக்காமல் நடுவில் ஓட்டை போட்டு ஆரம்பிப்பாள். அன்று தாளைப் பிரித்து அவள் முன் வைத்தேன். பார்த்தாள். என் வில்லையின் எடையில் தப்பா, அவளுடைய சமன்பாட்டில் தப்பா, தங்கத்தின் எண்ணில் தப்பா என்று ஆரம்பித்தோம். குரல் கொஞ்சம் ஏறியது. பக்கத்து மேஜைக்காரர்கள் சொத்துத் தகராறு என்று நினைத்திருப்பார்கள். கடைசியில் அவள்தான் தாளை மடித்து என் பக்கம் தள்ளினாள். "வசு, உன் எண் தப்புன்னு நான் சொல்லல. என் எண் தப்புன்னு நீயும் இன்னிக்குச் சொல்லாதே. சாம்பார் ஆறுது."

கேட்காமல் வந்த சிகரம்

டிடெக்டர் ஒரு வரைபடம் போடும். ஒவ்வொரு அணுவும் தனக்கென்று உள்ள இடத்தில் ஒரு சிகரமாக எழும். எங்கள் ருத்தேனியத்தின் இடம், கதிரின் வீரிய அளவில், முந்நூற்று முப்பத்தாறு. எதுவுமே வைக்காமல் வெறும் டிடெக்டரை ஓடவிட்ட ஒரு வாரத்தில், முந்நூற்று அறுபத்துநாலில் ஒரு சிகரம் கேட்காமல் வந்து நின்றது. காலை பதினோரு மணிக்கு வரும், கால் மணி நேரத்தில் போய்விடும். மறுநாளும் பதினோரு மணி. சுதேஷ்ணாவுக்கு ஒரே உற்சாகம். "பார்த்தியா, உன் ரூம்ல ஏதோ இருக்கு. ஒன்றரை மடங்கு அங்கேருந்துதான் வருது" என்றாள். இடமே வேறு, இது அதில் போய்ச் சேராது என்று நான் சொன்னதை அவள் காதில் வாங்கவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கும் உள்ளூர அது அங்கிருந்து வந்தால் தேவலை என்றிருந்தது.

மூன்றாம் நாள் பதினோரு மணிக்கு அறையிலேயே உட்கார்ந்து காவல் காத்தேன். ஆபீஸ் கிளார்க் ஒருவர் ஃபைலோடு வந்தார். ஈயச் சுவரின் மேல்மூடியைப் பழுதுபார்க்க அனுப்பியிருந்தோம்; அந்தத் திறப்பின் மேல் சாய்ந்துகொண்டு ஏ.சி. காற்றை வாங்கினார். கணினியில் சிகரம் விறுவிறுவென்று ஏறியது. அவர் ஃபைலை நீட்டினார், நான் அவர் கழுத்தைப் பார்த்தேன். விசாரித்தால், போன வாரம்தான் தைராய்டுக்குக் கதிரியக்க அயோடின் மருந்து சாப்பிட்டிருக்கிறார். முந்நூற்று அறுபத்துநாலு அயோடினின் விலாசம். மெல்ல விஷயத்தைச் சொன்னேன். மனிதர் பதறிப்போய் இரண்டடி பின்னால் நகர்ந்தார். "டாக்டர் கொஞ்ச நாளைக்குக் குழந்தைங்ககிட்டப் போகாதேன்னுதான் சொன்னார் மேடம். டிடெக்டர்கிட்டப் போகாதேன்னு சொல்லவே இல்லையே!"

கடைசி ஞாயிறு

ஜனவரியில் கடைசி ஞாயிறு வந்தது. புது வில்லை செய்தேன், எடையை இருமுறை பார்த்தேன், தங்கத்தை மாற்றினேன். பாப்பிதா ஹாரன் அடிக்காமலே பச்சை விளக்குகளாகப் பார்த்துக் கொண்டுவந்து சேர்த்தார். மாலதிதி ரிஜிஸ்தரில் 'சிகிச்சை முடிந்தது' என்று எழுதிக் கோடு போட்டார். எண்ணி முடித்தபோது அதே ஒன்றரை மடங்கு. ஒரு முடி அளவுகூட நகரவில்லை.

திங்களன்று தாளோடு எதிர் அறைக்குப் போனேன். சுதேஷ்ணா நின்றபடியே படித்தாள். ஜன்னல் பக்கம் போனாள், வந்தாள். மேஜையில் அவளுடைய அட்டவணை இருந்தது. அதன் முதல் பக்கத்தில், தேதி போட்டு, 'மறுபரிசீலனை தேவை' என்று சிவப்பு மையில் எழுதினாள். தாளைத் திருப்பி வாங்கிக்கொள்ள என் கை போயிற்று. ஜெயித்தவளுக்கு இப்படி ஆகக் கூடாதுதான், ஆனால் ஆயிற்று. அவள் பேனாவை மூடிவிட்டு என் தோளைத் தட்டினாள். "முகத்தை அப்படி வெச்சுக்காதே. நல்லா அளந்திருக்கே. கட்டுரையை நீயே எழுது, நான் எங்கே தப்புங்கற பத்தியை மட்டும் நான் எழுதறேன்."

விஸ்வகர்மா பூஜை போட்டோ

இப்போது கொஞ்சம் பின்னால் போக வேண்டும். செப்டம்பர் மத்தியில் இங்கே விஸ்வகர்மா பூஜை. கருவிகளுக்கெல்லாம் அன்று பண்டிகை. எங்கள் ஒர்க்‌ஷாப்பின் தலைமை மிஸ்திரி நிமாய்தா. லேத், டிரில், ரம்பம் எல்லாவற்றையும் துடைத்து, சந்தனமும் சிந்தூரமும் இட்டு, சாமந்தி மாலை போடுவார். போன வருடம் நானே போய், பெரிய அளவீடு ஆரம்பிக்கப் போகிறோம் நிமாய்தா, எங்கள் டிடெக்டருக்கும் ஒரு பொட்டு வையுங்கள் என்று கேட்டேன். சந்தோஷமாக வந்து வைத்தார். கிச்சடி சாப்பிட்டோம், எல்லோரும் நின்று போட்டோ எடுத்துக்கொண்டோம். அதற்கு ஒரு மாதம் முன்பே, அளவு தெரிந்த கதிரியக்கப் பொத்தான்களை வைத்து, மூன்றாம் படியிலும் பத்தாம் படியிலும் வைத்தால் எத்தனை எண்ணும் என்று டிடெக்டரைச் சரிபார்த்து முடித்திருந்தேன்.

பிப்ரவரியில், ஒரு திருகாணிக்காக ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். நிமாய்தா அந்த போட்டோவுக்குச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார். மாலை போட்ட டிடெக்டர், பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிமாய்தா, ஓரத்தில் கிச்சடித் தட்டோடு நான். சும்மா பார்த்துக்கொண்டிருந்தவள் படிகளை எண்ண ஆரம்பித்தேன். ருத்தேனியத்தின் தகடு இரண்டாம் படியில் இருந்தது. மறுபடி எண்ணினேன். இரண்டுதான்.

அறைக்கு ஓடினேன். தகடு அங்கேயே இருந்தது. இரண்டாம் படியில், ஓரத்தில் நிமாய்தா வைத்த சிந்தூரப் பொட்டோடு, ஐந்து மாதமாக. ஸ்கேலை வைத்து அளந்தேன். ஒரு சென்டிமீட்டர் கூடுதல் நெருக்கம். அந்த ஒரு சென்டிமீட்டருக்கு எத்தனை கூடும் என்று மனக்கணக்கிலேயே தெரிந்துவிட்டது. ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. தினமும் பொத்தானை வைத்துப் பார்த்தேன்தான். ஆனால் சிகரம் சரியான இடத்தில் நிற்கிறதா என்று பார்த்தேனே தவிர, எவ்வளவு உயரம் நிற்கிறது என்று ஒரு நாளும் பார்க்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். தகட்டை மூன்றாம் படிக்கு நகர்த்த மூன்று நொடி போதும். கட்டுரை பாதி எழுதியாயிற்று, சுதேஷ்ணாவும் ஒப்புக்கொண்டாயிற்று, அந்த ஆஸ்பத்திரி மெஷினையும் கழற்றியாயிற்று. யாரும் திரும்பச் செய்துபார்க்கப் போவதில்லை. இப்படியெல்லாம் என் மூளை ஓடியதை உங்களிடம் மறைக்க எனக்கு விருப்பமில்லை. எதிர் அறையில் எட்டு வருட அட்டவணையின் மேல் சிவப்பு மை இருந்தது. அது ஞாபகம் வந்ததும் எழுந்துவிட்டேன்.

முதலில் நிமாய்தாவிடம்தான் போனேன். கொஞ்சம் கோபமாகத்தான் போனேன் என்று நினைக்கிறேன். தகட்டைக் கழற்றினீர்களா என்று கேட்டேன். "கழட்டாம எப்படித் துடைக்கறது?" என்றார். மூன்றாம் படியில் இருந்ததை இரண்டில் வைத்துவிட்டீர்கள், கணக்கு முழுவதும் தப்பாகப் போயிற்று என்றேன். அவர் முகம் சுருங்கியது. கையிலிருந்த எண்ணெய்த் துணியைக் கீழே வைத்தார். குற்றம் சாட்டாமல், நிஜமாகவே புரியாமல் கேட்டார்: "ஆனா திதி, தினமும் அளக்கணும்னு நீங்கதானே சுவத்துல எழுதி ஒட்டியிருக்கீங்க? எப்படியும் காலைல அளந்து பார்ப்பீங்க, மாறியிருந்தா திருப்பி வெச்சுப்பீங்கன்னு நினைச்சேன்."

சரியாக இருப்பதற்கு அவகாசம்

நல்லவேளை, ருத்தேனியத்துக்கும் தங்கத்துக்கும் ஆஸ்பத்திரியில் நடந்ததில் குறை ஒன்றும் இல்லை. எண்ணிய எண்ணும் சரியான எண்தான். எங்கே நின்று எண்ணினோம் என்பதுதான் தப்பு. இரண்டாம் படிக்குப் புதிதாகப் பொத்தான்களை வைத்துச் சரிபார்த்தால் போதும். ஒரு ஞாயிறுகூட வீணில்லை. இரண்டு நாள் உட்கார்ந்து செய்தேன். புது எண் வந்தது. சுதேஷ்ணாவின் எண்ணுக்குப் பக்கத்திலேயே, அவள் தோளில் கை போட்ட மாதிரி நின்றது. எனக்கு வெட்கமும் நிம்மதியும் ஒரே நேரத்தில் வந்தன. நிம்மதிதான் கொஞ்சம் அதிகம்.

போட்டோவைச் சுவரிலிருந்து இரவல் வாங்கிக்கொண்டு அவள் அறைக்குப் போனேன். எதிரில் வைத்து, படிகளை எண்ணு என்றேன். எண்ணினாள். ஒரு நிமிடம் அவளுக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. திட்டுவாள் என்று தயாராக நின்றேன்; திட்டவேண்டியதுதான் நியாயம். அவள் தலையைக் கையில் தாங்கிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே அட்டவணையை எடுத்து அந்தச் சிவப்பு வரியை அடிக்கப் போனவள், பேனாவை நிறுத்திவிட்டாள். தான் எங்கே தப்பு என்று எழுதியிருந்த பக்கங்களைக் காட்டினாள். ஐந்து பக்கம். அதில் இரண்டு புது யோசனை உருப்படியானது, அடுத்த வருடத்துக்கு ஆகும் என்றாள். "நவம்பர்லேருந்து நான் தப்புன்னு கஷ்டப்பட்டுப் பழகிட்டேன் வசு. மறுபடியும் சரியா இருக்கணும்னா ரெண்டு நாள் டைம் குடு."

ரெண்டு நாள் கழித்து அவளே அந்த வரியை அடித்தாள், லேக் மார்க்கெட்டில் சாம்பார் ஆறுவதற்கு முன்னால் சாப்பிட்டோம், இந்த வருடப் பூஜைக்கு நிமாய்தா பொட்டு வைக்க வந்தபோது நான் ஸ்கேலோடு பக்கத்திலேயே நின்றேன். ஒளித்துகள் அணுக்கருவுக்குள் புகுந்து நியூட்ரானைக் கிளப்புவதை வருடக்கணக்காகத் துல்லியமாகப் பிடிக்கத் தெரிந்த எனக்கு, நான் எழுதி நானே ஒட்டிய காகிதத்தைப் படிக்கத்தான் ஐம்பது வயதாக வேண்டியிருந்தது.